கடதாசியில் இல்லாத வகுப்பு

சிவமலருக்கு ஒரு கையெழுத்து வேண்டும். ஐந்து மணிக்கு மண்டபத்தைப் பூட்டிவிடுவார்கள். அதற்குள் வேண்டும்.

மோர்டனில் ஒரு தேவாலயத்தின் பின்பக்கம் இருந்தது அந்த மண்டபம். அவள் உள்ளே நுழைந்தபோது ஞாயிறு பகல் பன்னிரண்டரை. தோர்ண்டன் ஹீத்திலிருந்து இரண்டு பஸ் மாறி வந்ததில் வலது முழங்கால் வீங்கியிருந்தது. வாரத்தில் ஆறு நாள், விடியற்காலை நாலரை மணிக்கு, லண்டன் பிரிட்ஜ் பக்கம் பதினொரு மாடிக் கட்டடம் ஒன்றில் கழிப்பறை கழுவுகிற கால் அது. அதற்கு ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான் ஓய்வு. அந்த ஓய்வைத்தான் இன்று சேலை கட்டி இழுத்துக்கொண்டு வந்திருந்தாள்.

வாசலில் பெரிய பதாகை. நொச்சியடி மகா வித்தியாலயம், ஒரே வகுப்புத் தோழர்கள் ஒன்றுகூடல், இலண்டன். கீழே ஒரு குத்துவிளக்குப் படம். எந்த ஆண்டு வகுப்பு என்று எங்கேயும் இல்லை. மறந்துவிட்டார்கள் போலிருக்கிறது என்று நினைத்தாள்.

கைப்பையைத் தொட்டுப் பார்த்தாள். படிவம் இருந்தது.

விஷயம் இதுதான். சிவமலர் பிறந்தது 1947 ஆனி மாதம். பாஸ்போட்டில் பிறந்தது 1952. எண்பத்தெட்டாம் ஆண்டு கொழும்பு ஏஜென்சிக்காரன் கையில் திணித்த பாஸ்போட் வேறு யாரோ ஒரு பெண்ணுடையது. ஹீத்ரோவில் அகதி என்று சொன்னபோது பெயரைத் திருத்திச் சொன்னாள். திகதியைத் திருத்தவில்லை. பேரை மாற்றினாலும் திகதியை மாற்றாதேங்கோ, பிறகு குழப்பம் வரும் என்று ஏஜென்சிக்காரன் படித்துப் படித்துச் சொல்லியிருந்தான். நாற்பத்தொரு வயதுக்காரியை முப்பத்தாறு என்று வெள்ளைக்கார அதிகாரி எழுதியபோது அவளுக்குக் கொஞ்சம் சந்தோஷமாகக்கூட இருந்தது.

அந்த ஐந்து வருடமும் இப்போது திரும்பி வந்து முழங்காலில் உட்கார்ந்துகொண்டது.

பெண்களுக்கு அறுபதில் பென்ஷன். அவளுக்கு அறுபது முடிந்து நாலு மாதம். கடதாசியில் ஐம்பத்தைந்து. போதாததற்கு, 1950க்குப் பிறகு பிறந்தவர்களுக்கு வயது எல்லையை நீட்டியிருக்கிறார்கள். அறுபத்திரண்டு வரை போகவேண்டும் என்று டூட்டிங்கில் இருக்கும் சொலிசிட்டர் பெடியன் சொன்னான். இன்னும் ஏழு வருடம். பதினொரு மாடி.

பிறப்புப் பதிவுப் புத்தகம் யுத்தத்தில் எரிந்துவிட்டது. பள்ளிக்கூடத்தில் பேர் கூப்பிடும் இடாப்பு இடப்பெயர்வில் எந்தப் பதுங்குகுழிக்குள் மக்கிப்போனதோ தெரியாது. கணவர் இருந்தால் அவராவது சொல்லியிருப்பார். அவர் போய் ஒன்பது வருடம். மிஞ்சியது ஒரே வழி. அவளோடு ஒரே வகுப்பில் படித்த ஒருவர், நல்ல உத்தியோகத்தில் இருப்பவர், படிவத்தை நிரப்பிக் கையெழுத்து வைத்து, பிறகு ஒருநாள் வந்து சத்தியம் செய்யவேண்டும். குடிவரவைப் பார்க்கும் ஹோம் ஒஃபிஸ் பிரச்சினை பண்ணாதோ என்று அவள் பயந்து கேட்டபோது பெடியன் சிரித்தான்.

"வயசைக் குறைச்சு நீங்கள் என்ன லாபம் எடுத்தனீங்கள், அன்ரி? நட்டம்தானே. கேள்வி கேப்பினம். பதில் சொல்லுவம்."

மண்டபத்துக்குள் இருபத்துநாலு பேர் இருந்தார்கள். பிள்ளைகள், மருமக்கள், சம்பந்திகள் எல்லாம் சேர்த்தால் எழுபது தேறும். ஒலிவாங்கியோடு ஓடித் திரிந்தவர் பாலேந்திரா. செவன் கிங்ஸில் பலசரக்குக் கடை வைத்திருக்கிறார். முன்னர் சுவிஸில் இருந்தவர். இந்த ஒன்றுகூடலுக்கு அவர்தான் செயலாளர். பதாகை வடிவாயிருக்கிறது, ஆண்டு மட்டும் விட்டுப்போச்சு என்று சிவமலர் சொன்னதும் அவர் குரலைத் தாழ்த்தினார்.

"முதல் அடிச்சதில அறுபத்திநாலு எண்டு பெரிசாப் போட்டனாங்கள். அண்டு பின்னேரமே ஆறு பேர் போன் எடுத்திட்டினம். ஆண்டு போட்டால் வரமாட்டினமாம்."

அவள் பகிடி என்று நினைத்துச் சிரித்தாள். பாலேந்திரா சிரிக்கவில்லை.

விளக்கு ஏற்றினார்கள். இறந்துபோன பதினொரு பேரின் பெயரை வாசித்து மௌன அஞ்சலி செய்தார்கள். சிவமலர் இரண்டு நிமிடமும் பாரத்தை இடது காலில் போட்டுக்கொண்டு நின்றாள். வாசித்த பெயர்களில் நாலு பேரின் முகம்தான் ஞாபகத்துக்கு வந்தது. மற்ற ஏழு பேருக்கும் பொதுவாக ஒரு கும்பிடு போட்டாள்.

சாப்பாட்டு மேசையில் நகுலேஸ்வரிக்குப் பக்கத்துக் கதிரையைப் பிடித்தாள். மூன்று வருடம் வகுப்பில் ஒரே வாங்கில் பக்கத்துப் பக்கத்தில் இருந்தவர்கள். நகுலா இப்போது கவுன்சிலில் வீட்டுப் பிரிவு அதிகாரி. கழுத்தில் முத்துமாலை, தலையில் கறுப்புச் சாயம், அந்தக் காலத்தில் இருந்த அதே அவசரப் பேச்சு. இவளைத் தேடித்தான் சிவமலர் வந்திருந்தாள். இடியப்பத்தை ஒதுக்கிவிட்டுப் படிவத்தை மேசையில் விரித்து, சொலிசிட்டர் சொன்னதையெல்லாம் சொல்லி முடித்தாள்.

நகுலா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இரண்டு தரம் வாசித்தாள். பிறகு ஒரு வரியில் விரலை வைத்தாள். சாட்சியின் பிறந்த திகதி.

"இதில நான் என்ன எழுத?"

"உன்ர திகதியை எழுது. நாப்பத்தேழு பங்குனி. என்னைவிட மூண்டு மாசம் மூப்பு நீ."

நகுலா அந்தப் பக்கம் திரும்பிப் பார்த்தாள். அடுத்த மேசையில் அவளுடைய மகளின் மாமியார் கோழிக்காலோடு போராடிக்கொண்டிருந்தாள்.

"எனக்கு அம்பத்திநாலு, மலர்," என்றாள்.

பிறகு சன்னமான குரலில் கதை வந்தது. ஜெர்மனியில் இறங்கியபோது அவளும் வேறொரு திகதியோடுதான் இறங்கினாள். 1953ஆம் ஆண்டு. அந்தத் திகதியோடு லண்டன் வந்தாள், அந்தத் திகதியைக் காட்டித்தான் கவுன்சிலில் சேர்ந்தாள், அந்தத் திகதியைப் பார்த்துத்தான் வங்கி வீட்டுக்குக் கடன் கொடுத்தது. சரியான வயதைச் சொல்லியிருந்தால் அவ்வளவு வருடத்துக்குக் கொடுத்திருக்கவே மாட்டார்கள். இப்போது சத்தியக் கடதாசியில் நாற்பத்தேழு என்று எழுதினால் வேறு என்னென்ன பொய் சொன்னாய் என்று கேட்பார்கள். ஐம்பத்துமூன்று என்று எழுதினால் சிவமலருக்குப் பிரயோசனமில்லை. அறுபத்துநாலில், பதினொரு வயதில் யார் ஜீ.சி.ஈ. பரீட்சை எடுக்கிறார்கள்?

"உனக்கு அறுபது வேணும். எனக்கு அறுபது வந்தால் வீடு போகும்," என்றாள் நகுலா. "நான் என்னடி செய்ய?"

சிவமலருக்குக் கோபம் வரவில்லை. கோபப்படுவதற்கும் கொஞ்சம் தெம்பு வேண்டுமே. வேறு யாரைப் பிடிக்கலாம் என்று மட்டும் கேட்டாள்.

நகுலா மண்டபத்தைக் கண்ணால் ஒரு சுற்றுச் சுற்றினாள். அந்தா, அவளுக்கு ஐம்பத்தாறு. அவனுக்கு ஐம்பத்தெட்டு, டென்மார்க்கில் குறைத்தது. அந்த இரண்டு பேரும் இரட்டைப் பிள்ளைகள், கடதாசியில் மூன்று வருட இடைவெளி. பாலேந்திராவின் பெயர் வந்ததும் நகுலாவுக்கே சிரிப்பு முட்டியது.

"அவனுக்கு அம்பத்திரண்டு. ஆயுள் காப்புறுதியும் அதே வயசில. அறுபத்திநாலில அவனுக்கு ஒன்பது வயசு. பாவம், சோதினையில பெயிலானதில என்ன பிழை?"

இரண்டு பேரும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். சிரித்து முடிந்ததும் நகுலா படிவத்தை மடித்து அவளிடமே கொடுத்தாள்.

"கடதாசியில பாத்தால் எங்கட வகுப்பே இல்லையடி," என்றாள்.

ஒரே ஒருவர் மிச்சம். வாசுதேவன். வகுப்பில் எப்போதும் முதலாம் பிள்ளை. இப்போது மோர்டனிலேயே சொந்தமாகப் பல் வைத்தியசாலை வைத்திருக்கிறார். எழுபத்துநாலாம் ஆண்டு புலமைப்பரிசில் கிடைத்து, கழுத்துப்பட்டி கட்டி, சொந்தப் பெயரில் விமானம் ஏறியவர். ஏஜென்சி, களவு, காடு, ஆறு எதுவும் தெரியாத மனுசன். அவரிடம் பொய்த் திகதி இருக்க நியாயமில்லை.

சிவமலர் அவரைக் கார் நிறுத்துமிடத்தில் பிடித்தாள். தூறலில் தனியாக நின்று எதையோ யோசித்துக்கொண்டிருந்தார். அவள் சொன்னதை இடைமறிக்காமல் கேட்டார். படிவத்தை வாங்கி, மழை படாமல் குனிந்து வாசித்தார். பிறகு இருந்த மடிப்பிலேயே கவனமாக மடித்தார். மடித்த விதத்திலேயே அவளுக்குத் தெரிந்துவிட்டது.

புலமைப்பரிசிலுக்கு வயது எல்லை இருந்ததாம். அவருக்கு இரண்டு வயது கூடிப்போயிருந்தது. தகப்பனாரின் சிநேகிதர் ஒருவர் பதிவாளர். பிறப்புச் சாட்சிப் பத்திரம் காணாமல் போய்விட்டது என்று எழுதிக் கொடுத்து, உத்தேச வயதுச் சான்றிதழ் ஒன்று எடுத்தார்களாம். எடுத்தது எடுத்தாயிற்று, பாதுகாப்புக்கு இருக்கட்டும் என்று தகப்பனார் நாலு வருடமாகக் குறைத்துவிட்டார். 1951.

"பல்லு டொக்டராப் பதிஞ்சதும் அந்தத் திகதியிலதான்," என்றார். "நான் இதில உண்மையை எழுதினால் என்ர பதிவையே கிண்டுவினம். என்னட்டை மட்டும் கேக்காதேயும், சிவமலர். மன்னிச்சுக்கொள்ளும்."

"பரவாயில்லை," என்றாள் அவள்.

உள்ளே வந்து ஓரமாக ஒரு கதிரையில் இருந்தாள். காலை நீட்டி, செருப்பைக் கழற்றினாள். மேடையில் ஆளுக்கு இரண்டு நிமிடம் பழைய நினைவுகள் பேசிக்கொண்டிருந்தார்கள். யார் யாருடைய பென்சிலைத் திருடினார்கள், யார் மதில் ஏறிக் குதித்தார்கள். ஒருவராவது எந்த ஆண்டு என்று சொல்லவில்லை. ‘அப்ப’ என்றார்கள். ‘அந்த நேரம்’ என்றார்கள். எல்லோரும் எவ்வளவு கவனமாக நடக்கிறார்கள் என்பது அவளுக்கு இப்போதுதான் தெரிந்தது.

நாலு மணிக்கு அவளுடைய பெயரைக் கூப்பிட்டார்கள்.

ஒலிவாங்கியைக் கையில் வாங்கியபோது மண்டபம் அடங்கியது. அவள் படிவத்தோடு அலைந்த செய்தி அதற்குள் மேசை மேசையாகப் போய்ச் சேர்ந்திருந்தது. நகுலா குனிந்து சேலைக் கரையைப் பார்த்தாள். பாலேந்திரா சோடாப் போத்தலை மெதுவாக மேசையில் வைத்தார். கதவோரம் வாசுதேவன்.

அவளுக்கும் தெரிந்தது. ஒரு நிமிடம் போதும். அறுபத்துநாலு என்று ஆரம்பித்து, ஒவ்வொருவராகக் கையைக் காட்டி, இவர் என்னோடு படித்தவர், இவள் என்னைவிட மூப்பு என்று சொல்லிக்கொண்டே போகலாம். எழுபது சாட்சி. சம்பந்திகள் உட்பட. பிறகு யாருக்கு என்ன வந்தால் அவளுக்கு என்ன? அவளுக்கு ஏழு வருடம் மிச்சமாகும்.

நகுலாவின் உச்சிப் பிளவில் சாயம் விட்டுப்போன இடம் ஒரு விரல் அகலத்துக்கு வெள்ளையாகத் தெரிந்தது.

"என்ர பேர் சிவமலர்," என்றாள். "நான் கிளீனிங் வேலை செய்யிறன். எனக்கு அறுபது வயசு."

ஒலிவாங்கியை மற்றக் கைக்கு மாற்றினாள்.

"மற்றவையின்ர வயசு எனக்குத் தெரியாது. நான் கணக்கில பெயில், உங்கள் எல்லாருக்கும் தெரியும்தானே."

சிரிப்பு வெடித்தது. தேவைக்கு மேல் சத்தமான சிரிப்பு. அது அடங்கும்வரை அவள் காத்திருந்தாள்.

"அறுபது வயசுக்காரி ஒருத்தியைத் தெரியும் எண்டு எழுதித் தர ஒரு ஆள் வேணும். இருந்தால் சொல்லுங்கோ. இல்லாட்டியும் குறையில்லை. சாப்பாடு நல்லாயிருந்தது."

கை தட்டினார்கள். பாலேந்திரா ஒலிவாங்கியை வாங்கிய கையோடு பாடசாலைக் கீதத்தைத் தொடங்கினார். கீதம் முடிந்தது, கேக் வெட்டியாயிற்று, படம் எடுத்தாயிற்று. ஒருவரும் அவளுடைய கதிரைப் பக்கம் வரவில்லை. நகுலா அடுக்களைக்குள் நின்று, எறியவேண்டிய கடதாசிக் கோப்பைகளை ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கிக்கொண்டிருந்தாள். சிவமலர் அவளைக் கூப்பிடவில்லை. நாலரை மணிக்குச் செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே வந்தாள்.

பஸ் தரிப்பிடத்தில் அந்தச் சரிவான சிவப்பு ஆசனம். இருக்கவும் முடியாது, நிற்கவும் முடியாது. பாதி சாய்ந்துகொண்டு நின்றாள். நாளை விடியப்புறம் மூன்று மணிக்கு எழும்பவேண்டும். சோறு சமைக்க ஏலாது, பாண் இருக்கிறது.

யாரோ வேகமாக நடந்து வரும் சத்தம் கேட்டது. வாசுதேவன். கோட் இல்லை. மூச்சு வாங்கியது. பக்கத்தில் வந்து அவரும் சாய்ந்துகொண்டார். ஒரு பஸ் வந்தது. அவளுடைய பஸ்தான். அவள் கைகாட்டவில்லை. அது போய்விட்டது.

அவர் வலது கையை முன்னால் நீட்டிப் பிடித்தார். விரல்கள் நடுங்கின. குளிர் நடுக்கம் இல்லை.

"மூண்டு மாசமா இப்பிடி," என்றார். "நேற்று ஒரு பிள்ளையின்ர வாயுக்குள்ள ஊசி கொண்டு போகேக்க கை ஆடினது. பிள்ளை கண்ணை மூடியிருந்தது. நான் பாத்தனான்."

"நிப்பாட்டுங்கோவன்."

"அறுபதில பென்ஷன் எடுத்து நிப்பாட்டலாம் எண்டுதான் இருந்தனான். எனக்கு அறுபது வந்து ரெண்டு மாசம். கடதாசி சொல்லுது அம்பத்தாறாம், இன்னும் நாலு வருஷம் இருக்காம்." கையை மடக்கிக்கொண்டார். "நான் பொய் சொன்னதில எந்தப் பிள்ளையின்ர வாய் கிழியப்போகுதோ தெரியாது. நீர் மேடையில நிண்டு அறுபது எண்டேக்க எனக்குப் பொறாமையா இருந்தது. உண்மையாத்தான் சொல்லுறன்."

சிவமலர் அவரைப் பார்த்தாள். வகுப்பில் முதலாம் பிள்ளையின் முகத்தில் முதல் தடவையாகக் களைப்பைப் பார்த்தாள். தன் வீட்டுக் கண்ணாடியில் தினமும் பார்க்கிற அதே களைப்பு.

"பதிவைக் கிண்டினால்?" என்று கேட்டாள்.

"கிண்டட்டும். நானே போய்ச் சொல்லப்போறன். படிவத்தைத் தாரும்."

அவளுடைய கைப்பையைப் பலகையாக வைத்து எழுதினார். பெயர், முகவரி, தொழில். எந்த ஆண்டிலிருந்து எந்த ஆண்டுவரை ஒரே வகுப்பு. எழுத்து கோணியது, ஆனாலும் வாசிக்கலாம். பிறந்த திகதிக்கு வந்ததும் பேனா நின்றது. 1947 என்று ஆண்டை மட்டும் எழுதினார். மாதமும் நாளும் வெறுமையாக இருந்தன.

"என்ன?" என்றாள்.

"ஞாபகமில்லை."

முப்பத்துமூன்று வருடமாக மார்ச் மூன்றாம் திகதி கேக் வெட்டியிருக்கிறார். அதைத்தான் எல்லாப் படிவத்திலும் எழுதியிருக்கிறார். அசல் திகதி எப்போது உதிர்ந்து போனதென்று அவருக்கே தெரியவில்லை. ஆவணி, உத்தர நட்சத்திரம். அது மட்டும் தெரியும், ஏனென்றால் கோயிலில் அர்ச்சனைக்கு அதைத்தான் சொல்லவேண்டும். ஐயர் ஆண்டைக் கேட்பதில்லை.

கைத்தொலைபேசியை எடுத்து வீட்டுக்கு அடித்தார். மனைவி சிவனேஸ்வரி காய்ச்சல் என்று வீட்டில் நின்றிருந்தாள். அந்தப் பக்கத்துக் குரல் சிவமலருக்கும் நன்றாகக் கேட்டது.

"என்ர சாதகத்தை எடுத்துப் பாரும்," என்றார் வாசுதேவன். "இங்கிலீஷ் திகதி எழுதியிருக்கும்."

"ஏன், ரெண்டாந்தாரம் பேசுறியளோ?"

"ஒரு கடதாசியில எழுதோணும். சரியான வயசை."

அந்தப் பக்கம் அலுமாரிக் கதவு திறந்து மூடும் ஓசை கேட்டது.

"சர்வசித்து வருஷம், ஆவணி மாசம்," என்று வாசித்தாள் சிவனேஸ்வரி. "ஓகஸ்ட் பத்தொன்பது, செவ்வாய்க்கிழமை. எழுதுங்கோ. எழுதினாப் பிறகு வீட்டை வாங்கோ, எல்லாருக்கும் என்ன சொல்லுறதெண்டு கதைப்பம்."

எழுதினார். கையெழுத்து வைத்தார். மடித்து அவளிடம் கொடுத்தபோது கை இன்னும் நடுங்கியது. அதை மறைக்க அவர் முயலவில்லை.

"நான் என்ர திகதியைத் திருத்தப் போகேக்க எனக்கும் ஒரு ஆள் வேணும்," என்றார். "ஒரே வகுப்பில படிச்ச ஆள்."

"நல்ல உத்தியோகத்தில இருக்கிற ஆள் எல்லோ கேக்கிறாங்கள். நான் கக்கூஸ் கழுவுறனான்."

"வேற ஆர் இருக்கினம், சிவமலர்? அங்க உள்ளுக்க எல்லாரும் சின்னப் பிள்ளையள்."

அவள் சிரித்தாள். அடுத்த பஸ் வந்தது. இந்த முறை கைகாட்டினாள். எழும்பி நிற்க இரண்டு தவணை எடுத்தது. நாளைக்கே சொலிசிட்டரிடம் போய்ச் சத்தியம் செய்வோம், எத்தனை மணிக்கு வரட்டும் என்று அவர் கேட்டார்.

"பின்னேரம் மூண்டு மணிக்குப் பிறகு வாங்கோ," என்றாள் படியில் ஏறிக்கொண்டே. "நாளைக்கும் வேலை இருக்கு. முடிஞ்சு வந்து அதுவரைக்கும் நான் நித்திரையாயிருப்பன்."